சுவரில் அக்காவின் முகம்

அந்தச் சுவரை முதன்முதலில் பார்த்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஓவியக் கல்லூரிப் பெண்கள் ஏணி போட்டு வரைந்து முடித்து, மறைத்திருந்த துணியை அன்றுதான் எடுத்தார்கள். தப்படிக்கும் எங்கள் தெரு பேண்டுக்காரர்கள், இரானி டீக்கடை, மொட்டைமாடிப் பட்டங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு, இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கியபடி எங்கள் தள்ளுவண்டி அக்கா. ஆவிக்குப் பின்னால் அச்சு அசலாக அவர் முகம். நாங்கள் கைதட்டினோம். அக்கா தட்டவில்லை. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஓர் ஈடு பாதி வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்தார்.

இந்தத் தெலுங்கு ஊரில், உப்பல் போகும் சாலையில் எங்கள் தெருமுனையில் அவர் வண்டி. தேனிப் பக்கத்துக்காரர், ஒரு மகளோடு வந்தவர். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கல்யாண ஆர்டருக்குக் காத்திருக்கும் பேண்டுக்காரர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தீன்மார் என்னும் ஆட்டத் தாளம் அடித்துப் பழகுவார்கள். அந்த அடிக்குத் தப்பாமல் சட்னி ஊற்றுவார் அக்கா. ஃபேக்டரியில் லேத் ஓட்டிய எனக்கு வாய் ஓயாது. "அண்ணே, அங்கன வேலை பாக்குறீகள்ல, ஒங்க வாய்க்கு ஒரு மூடி கடைஞ்சுக்கிட்டு வாங்க" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அதற்காகவே இன்னும் கொஞ்சம் பேசுவேன்.

துணியை எடுத்த அன்று வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்த அக்காவிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். தலையைக் குனிந்து, கூந்தலை விலக்கிக் காட்டினார். பின்மண்டையில் நீளமாக ஒரு தழும்பு. "எங்க வீட்டுக்காரரு திருப்பூர்ல கண்டுபிடிச்சு வந்தப்ப வச்சது. அடுத்த தடவ தையல் போட நீ உசுரோட இருக்க மாட்டன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் மூஞ்சியக் காட்டாமப் பொழைக்கிறேன்ணே. இங்க ஊருக்கே காட்டிட்டாக." கையில் இருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். எதிரே ஒரு கூட்டம் சுவரோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

வரைந்த பெண் விஷயம் கேட்டு அழுதே விட்டாள். வேறு முகம் போடலாம், யாருடையது என்று எல்லாரும் விழித்தபோது பேண்டு அண்ணா முன்னால் வந்தார். அவர் கரீம்நகர்க்காரர், அக்கா வண்டியில் நின்று நின்றே தமிழ் பழகியவர். "டரோ நக்கோ அக்கா, பயப்படாத! என் மூஞ்சி போடச் சொல்லு. என்னை எவன் தேடுவான்? என் பொண்டாட்டியே தேடமாட்டா, ஹவ், ஆமா!" சாயங்காலத்துக்குள் சேலை கட்டிய உருவத்துக்கு முறுக்கு மீசை முளைத்துவிட்டது. அக்காதான் முதலில் சிரித்தார். ஆனால் அதற்குள் போன்களில் ஏறிப் போன படங்களுக்கு யார் மீசை வரைவது?

அதன் பிறகு எங்கள் தெருவுக்கே பயம் தொற்றிக்கொண்டது. புதுக் குரலில் தமிழ் கேட்டால் போதும், பேண்டுக்காரர்கள் சும்மாவேனும் தப்பை முழக்குவார்கள்; அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போய்விடுவார். பிழைப்புக்காக இங்கே வந்த நாள்முதல் தமிழ்ப் பேச்சுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே இப்போது முதலில் அக்காவின் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் வண்டி கழுவித் துடைத்து நின்றது. அக்கா இல்லை, மகளும் இல்லை. யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று மனம் வருந்தினேன்.

சில வாரம் கழித்து அந்த ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல். கையில் இருந்த போனில் மீசை வரைவதற்கு முந்தைய சுவர். "அண்ணன் தமிழா? நம்ம ஆளப் பாத்ததும்தான் உசுரே வந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மகளைப் பார்த்து வருஷக்கணக்காயிற்று என்று சொல்லி அழுதான். உண்மையாகவே கண்ணீர் வந்தது. எனக்கு மனம் இளகிவிட்டது, அதுதான் இன்றுவரை என்னை நடுங்க வைப்பது. வாயைத் திறந்தேன். சொல்ல எதுவும் இல்லை. பஸ்ஸில் போனாரா, ரயிலில் போனாரா, அதுகூடத் தெரியாது.

"தெரியாதுங்களே" என்றேன்.

அவன் கண்ணீர் நின்றது. பிடி மட்டும் இறுகியது. "தெரிஞ்சா சொல்லுவீகள்ல?" என்றான், அதே மெல்லிய குரலில். அவன் போன பிறகும் மணிக்கட்டில் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அக்கா ஏன் என்னிடம் சொல்லாமல் போனார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இன்று எங்கள் தெருமுனையில் மோமோ விற்கிறார்கள். பிள்ளைகள் மீசைக்கார அம்மாவோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பயம்தான். அதனால் ஊரை மாற்றியிருக்கிறேன், சாலையை மாற்றியிருக்கிறேன். அவர் விற்றது இட்லி இல்லை. உடன் வந்தது மகள்தான் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இவரை எனக்குத் தெரியுமே என்று யாராவது கேட்டு எழுதினால், அது இவர் இல்லை என்றுதான் பதில் போடுவேன்.