மாப்பிள்ளை செய்த வெப்சைட்டில் ரூம் போட்ட கதை

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு புதன்கிழமை சங்கரன்கோவில் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

எனக்குப் பார்வை கிடையாது. போன் திரையில் இருப்பதைக் குரல் வாசிக்கும், நான் கேட்டுக்கொள்வேன். வெப்சைட்டுகள் எங்களுக்கு ஒத்துவருமா என்று சோதிப்பது என் தொழில். தபசுக்குத் தங்க ஒரு லாட்ஜின் சைட்டைத் திறந்தால், "படம், படம், பட்டன், பட்டன்" என்பதற்குமேல் நகரவில்லை. போன் செய்தேன். "தபசு ரூமெல்லாம் ஆன்லைன்லதான். வீட்டுல யாரையாவது போடச் சொல்லுங்க" என்றார்கள். வந்ததே எனக்குக் கோபம்! தனியாக ஊர் சுற்றுகிறவள் நான். என் ரூமை நானே போடுவதென்று முடிவுகட்டினேன்.

காலை 7.10க்கு நெல்லையில் பஸ் ஏறினேன். 56 கிலோமீட்டர். பனவடலிசத்திரம் தாண்டியதும், இறங்கும் இடம் வரப்போகிறது என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். 8.50க்கு இறங்கி, ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து லாட்ஜ் சேர்ந்தேன்.

முதலாளி அண்ணாச்சியின் போனிலேயே அந்தக் குரலைப் போட்டுக்கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ரூம் போடச் சொன்னேன்.

ஐந்து நிமிடம் தடவிப் பார்த்தார். "என்னம்மா இது, பட்டன் பட்டன்னே சொல்லுது! எந்தப் பட்டன்னு சொல்ல மாட்டேங்கு."

கண்ணைத் திறந்து திரையில் இருப்பதைச் சொல்லச் சொன்னேன். வாடகை விவரம் முழுக்க போஸ்டர் படத்துக்குள் இருந்தது. காலி ரூம் பச்சை, நிரம்பியது சிவப்பு, எழுத்தில் ஒன்றுமில்லை. செய்தவரிடம் சொல்லித் திருத்தச் சொன்னேன். அண்ணாச்சி இழுத்தார்.

"துபாய்ல இருக்க மூத்த மாப்பிள்ளை ஆசையா செஞ்சு குடுத்தது. அதுல போயி நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்? குறை சொன்னவங்களுக்கெல்லாம் நானே கமுக்கமா போட்டுக் குடுத்துருக்கேன். உங்களுக்கும் போட்டுருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. அவர் நம்பரக் குடுங்க, நான் சொல்லுதேன்."

நான் கண்டுபிடித்த ஒன்பது கோளாறுகளையும் வாய்ஸ் மெசேஜில் வரிசையாகப் பேசி அனுப்பிவிட்டு, வரவேற்பறை நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்தேன். அரைமணியில் மாப்பிள்ளையே அண்ணாச்சியைக் கூப்பிட்டார்; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"மாமா, ஆறு மாசமா ஒரு வார்த்த சொல்லலையே! சொன்னாத்தான தெரியும்?"

அண்ணாச்சி போனை என் கையில் கொடுத்துவிட்டார். நான் மாப்பிள்ளையிடம் தேதி, ரூம், பணம் கட்டும் பட்டன்களை முதலில் சரிசெய்யச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருத்த, நான் சோதித்துச் சோதித்துத் திருப்பி அனுப்பினேன். 3.20க்கு குரல் தெளிவாகச் சொன்னது: "ஒற்றைப் படுக்கை அறை. ஒன்று காலி." தட்டிப் பணம் கட்டினேன். ரூம் உறுதியானதும் அழுதேவிட்டேன்.

திரும்புகிற வழியில் அம்மனையும் கும்பிட்டுவிட்டு 5.15 பஸ்ஸைப் பிடித்தேன்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று: சைட் மக்கர் செய்தால் யாரையாவது போடச் சொல்லிவிட்டு ஒதுங்காதீர்கள். எந்த இடத்தில் சிக்குகிறது என்று செய்தவருக்கே சொல்லுங்கள். சைட் செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாமல்தான் இருக்கிறது.

தபசுக்கு வருகிற மற்றவர்களுக்கு: அந்த லாட்ஜில் ஒற்றை ரூம் தேடாதீர்கள். கடைசி ரூமை நான் போட்டுவிட்டேன்.