பாதி ஊத்தப்பம்

ஊத்தப்பம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள். மாவும் வெங்காயமும் உங்களை என்ன செய்தன என்று கேட்பார்கள். மாவும் வெங்காயமும் ஒன்றும் செய்யவில்லை.

அப்போது நாங்கள் மலாயாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் மரம் சீவினார்கள். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். கப்பலில் ஒரே தட்டில் நெருக்கியடித்துக் கிடந்து வந்தவர்களைக் கரையில் இறக்கியதும் சாதி பார்த்து, வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். கோயிலை ஒட்டிய வீடுகள் மேல்சாதிக்காரர்களுக்கு, ஆற்றோர வீடுகள் எங்களுக்கு. ஆற்றுக்கு மட்டும் எங்கள் மேல் தீட்டு கிடையாது. மழை வலுத்தால் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.

எனக்கு இரண்டு சிநேகிதர்கள், சின்னப்பொண்ணுவும் ராசுவும். இருவரும் கோயில் லயத்துப் பிள்ளைகள். காட்டுக்குள் எங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். மூவரும் சேர்ந்து, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பால் பொறுக்குவோம். ரப்பர் கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி ஒருவர் கையில் ஒருவர் வைத்து அலற விடுவோம்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஈப்போவில் இரயில் பாதை வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போது வெள்ளைச் சட்டையும் தோல் செருப்பும் கிராப்புத் தலையுமாக வருவார். தோட்டத்து எல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால், "தேஞ்சு போகும்லா" என்பார். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். சின்னப்பொண்ணுவும் ராசுவும் வீட்டில் சொல்லிவிட்டதாகப் பொய் சொல்லிக் கூடவே ஓடி வந்தார்கள். அங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் பலகாரக் கடை வைத்திருந்தார். அப்பா எப்போதாவது அங்கே போனால் கொல்லைப்புறம் நின்று சிரட்டையில் காப்பி வாங்கிக் குடிப்பார். மாமாவோ நேரே முன்வாசலில் ஏறி, எங்களை வரிசையாக பெஞ்சியில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்தார்.

கடைக்காரர் சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. ஈப்போவா?"

"ஆமா அண்ணே, ரயில்வே."

அவரே துண்டால் மேசையைத் துடைத்து இலை போட்டார். ஆளுக்கொரு வெங்காய ஊத்தப்பம் வந்தது. ஓரம் முறுகலாக, நடுவில் வெங்காயம் கருகிச் சிவந்து, அங்கங்கே பச்சை மிளகாயோடு. கஞ்சியும் கருவாடும் தின்ற நாக்குக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சின்னப்பொண்ணுவின் இலையிலிருந்து நான் முறுகலைப் பிய்த்தேன். ராசு என் இலையிலிருந்து பிய்த்தான். மாமா இரயில் எஞ்சின் மாதிரி ஊதிக் காட்டினார். ராசுவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அப்போது எங்கள் தோட்டத்துக் கங்காணி உள்ளே வந்தார். எங்களையெல்லாம் ஊரிலிருந்து ஆள்கட்டிக் கொண்டு வந்தவர் அவர்தான். மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

"என்னங்க இது, யார உள்ள உக்கார வச்சிருக்கீங்க? இவன் நம்ம ஆத்து லயத்துக்காரனோட மச்சான்லா."

கடைக்காரரின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மலத்தை மிதித்தவர் முகம் அப்படித்தான் போகும்.

"சட்டையப் பாத்து ஏமாந்துட்டேங்க" என்று கங்காணியிடம் குழைந்தவர், மாமாவிடம் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தார். "டேய், எந்திரி." என்னைக் காட்டி, "அந்தக் குட்டியையும் எழுப்பு."

என் வாய் நிறைய ஊத்தப்பம். இலையில் பாதி கிடந்தது. மாமா எழுந்தார். எழுந்து, சிரித்தார். "தெரியாமப் போச்சுங்க" என்றார். தெரியாமலா? அந்த மேசை வரைக்கும் வர எத்தனை நாள் யோசித்திருப்பார்!

"உக்காந்த எடத்தக் கழுவிட்டுப் போ."

வாளியை மாமா தொடக்கூடாதாம். கடைக்காரரே தண்ணீரை ஊற்ற, மாமா தோள் துண்டை எடுத்து பெஞ்சியைத் துடைத்தார். அப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார். சின்னப்பொண்ணு அழுதுகொண்டே எழுந்து நின்றாள். கங்காணி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நீ சாப்புடும்மா, உனக்கென்ன?" ராசு எழவே இல்லை. என் இலையிலிருந்து பிய்த்த துண்டு அவன் கையில் இருந்தது. கையைச் சுட்டுவிட்டது போல அதை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து தன் இலையில் உள்ளதைத் தின்றான்.

"இந்தப் புள்ளைங்க ரெண்டையும் நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார் கங்காணி. பிறகு என்னைப் பார்த்து, "உங்கப்பன்கிட்ட நாளைக்குப் பெரட்டுல பேசிக்கிறேன்" என்றார்.

பேசினார். மறுநாள் விடிகாலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கும்போது அப்பாவை எல்லாருக்கும் முன்னால் நிற்க வைத்துப் பேசினார். அதற்குப் பிறகு அப்பாவுக்குக் கிடைத்ததெல்லாம் மலைச்சரிவில், யாரும் போக விரும்பாத, அட்டை மொய்க்கும் காடு. மாமா தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்றும் உத்தரவானது. அம்மா யாரையும் அடிக்க முடியாமல் என்னை அடித்தாள். சின்னப்பொண்ணுவும் ராசுவும் அதற்குப் பிறகும் என்னோடு விளையாடினார்கள். ஆனால் தின்பதற்கு ஏதாவது கையில் இருந்தால் வேறு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அதையும் நான் மன்னிக்கவில்லை. பிள்ளைகள்தானே என்பார்கள். நானும் பிள்ளைதான்.

ஆனால் அன்றைக்கு, கடையை விட்டு வெளியே வந்தபோது, என் கோபம் முழுவதும் மாமா மேல்தான் இருந்தது.

"ஏன் மாமா சிரிச்சீங்க?"

மாமா ஈரத் துண்டைப் பிழிந்து உதறினார்.

"அந்தக் கடைக்காரன் பல்ல ஒடச்சிருக்கலாம்ல?"

"உங்கப்பா நாளைக்கு வேலைக்குப் போவணும்லா" என்றார்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கையை உதறிக்கொண்டேன்.

தெருக்கோடியில் நாகூர்ப் பக்கத்து பாய் ஒருவரின் ரொட்டிக் கடை இருந்தது. வட்ட மேசைகள், மர நாற்காலிகள். மாமா வாசலிலேயே நின்றார்.

"பாய், உள்ள உக்காரலாமா?"

மாவு வீசிக்கொண்டிருந்த பாய் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை. "பின்ன நாற்காலிய எதுக்குலா போட்டு வச்சிருக்கேன்?" என்றார்.

உட்கார்ந்தோம். மாமா முர்தபா சொன்னார். பாய் மாவைத் துணி போல மெல்லிசாக வீசி விரித்து, முட்டையும் கொத்துக்கறியும் வெங்காயமும் பரப்பி, நான்கு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டார். அந்த வாசனைக்கு என் வயிறு எனக்குத் துரோகம் செய்தது. ஆனாலும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"சாப்புடு."

"வேணாம்."

மாமா வற்புறுத்தவில்லை. தானும் தொடவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது சிரிக்கவில்லை. சீனத் தச்சர் ஒருவர் வந்து எங்கள் மேசையிலேயே எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். மலாய்க்கார வண்டியோட்டி ஒருவர் வந்து சாப்பிட்டுப் போனார். யாரும் எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. மழை பிடித்தது, விட்டது. முர்தபாவின் நெய் வெள்ளையாக உறைந்தது.

"ஆறிப்போச்சே தம்பி, சூடு பண்ணித் தரவா?" என்று பாய் கேட்டார்.

"வேணாம் பாய். கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன்."

"போலாம் மாமா" என்றேன். "இரு" என்றார். திரும்பத் திரும்பச் சொன்னேன். திரும்பத் திரும்ப அதே பதில். என்னைச் சாப்பிட வைக்கத்தான் இந்தப் பிடிவாதம் என்று எனக்குப் பட்டது. யார் ஜெயிக்கிறார்கள் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் இருந்தேன். வெயில் சாயத் தொடங்கியபோது மாமா ஒருவரும் சொல்லாமல், தானாகவே, மெதுவாக எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எனக்காகத்தான் அவர் அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அன்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் எழுப்பாத ஒரு நாற்காலியில், தானாக எழும் வரை உட்கார்ந்து பார்க்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் வேண்டியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.