நாற்காலி வேன்

காலை ஒன்பதரைக்கே என் பட்டறை படுத்துவிட்டது.

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்ட எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, தீர்வை அவர்களே வடிவமைக்கும்படி செய்வதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். வாயைத் திறக்காத கூட்டத்தின் முன்னால் மார்க்கர் பேனாவோடு நின்று பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். புதிதாக வரும் இளையவர்கள் என்னிடம் உத்திகளைக் கேட்கிறார்கள். நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் சுங்கை சிப்புட்டில் நடந்ததைத்தான் சொல்வேன்.

அங்கே ஒரு சிறிய டயாலிசிஸ் மையம். பக்கத்து ஊர்களிலும் பழைய ரப்பர் தோட்டங்களிலும் இருக்கும் நோயாளிகள் ஏழு பேரை ஏற்றி வர, வாரம் மூன்று நாள் இலவச வேன் ஓடியது. அப்படியும் ஆட்கள் வராமல் போனார்கள். அதிகம் வராமல் போனது சரோஜா அக்கா. ஒரு காலத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர், இப்போது செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் தொழிலாளர் லயத்து வீடு ஒன்றில் தனியாக இருந்தார்.

மையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "சொல்லாம மூணு தடவ வரலனா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துடணும். லிஸ்ட்ல காத்திருக்கிறவங்களும் மனுசங்கதான?" என்றார். அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சரோஜா அக்கா ஏற்கெனவே இரண்டு தடவை வரவில்லை. இன்னொரு தடவை வராவிட்டால் கொடுக்க வேண்டிய கடிதம் தலைவரின் ஃபைலில் தயாராக இருந்தது. சிறுநீரகம் நின்றுபோன ஒருவருக்கு அந்த இடமும் போனால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆட்கள் ஏன் வருவதில்லை என்று கண்டுபிடிக்க மையத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். சிகிச்சை இல்லாத ஒரு நாளில் எல்லாரையும் சமூக மண்டபத்துக்கு வரவழைத்தோம். வந்தவர்களைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்தேன். பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு ஐந்து ஸ்டிக்கி நோட் கொடுத்தேன். ஈப்போ அலுவலகங்களில் இது கலகலவென்று நடக்கும். இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வேன்ல ஏதாச்சும் பிரச்சன இருக்கா?"

"ஒன்னும் இல்லங்க."

"நேரம் சரியா இருக்கா?"

"சரியாதாங்க இருக்கு."

நோட்டுகளில் பாதி காலி. மீதியில் நன்றி என்று எழுதியிருந்தது.

டீ நேரத்தில் வேன் ஓட்டுநர் ராஜு என் பக்கத்தில் வந்தார். "என்னா மேடம், பெரட்டு எடுக்குறீங்க? பெரட்டுல யாராச்சும் வாயத் தொறப்பாங்களா?" என்றார் மெதுவாக.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுப்பது. வரிசையில் நிற்க வேண்டும். பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும். அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மா அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதையே கலர் காகிதத்தோடு நான் செய்திருக்கிறேன் என்று புரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்போதுதான் டீயோடு நோயாளிகள் உட்கார்ந்திருந்த விதத்தைக் கவனித்தேன். இத்தனை நாற்காலி இருந்தும் இரண்டிரண்டு பேராக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா அக்கா கடைசி மூலையில். "எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டேன்.

"வேன்ல உக்கார்ற மாரியே உக்காந்துட்டோம் லா. பழகிப்போச்சு," என்று சிரித்தார் காதர் பாய். அவரும் நோயாளிதான். மையத்துக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்.

என் அட்டவணையை மடித்துப் பையில் போட்டேன். நாற்காலிகளை வேன் போலவே போட்டோம். ராஜு முன்னால் உட்கார்ந்தார். சரோஜா அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் தலைவரை உட்காரச் சொன்னேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிற பயணம். நிஜத்தில் பத்து நிமிஷம் ஆவதற்கு இங்கே ஒரு நிமிஷம்.

"காதர் பாய், எடம் வந்துருச்சு," என்றார் ராஜு. பாய் எழுந்து சுவரோரம் போய் நின்றார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆறாவது நிமிஷத்தில் சரோஜா அக்காவும் தலைவரும்தான் மிச்சம். இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. தலைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா, பழக்கத்தில், கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"அது எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"வாந்தி வரும் சார். மிசின்லேருந்து எந்திரிச்சாலே தல சுத்தும். எல்லாரும் எறங்குற வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பேன். சில நாளு அத நெனச்சாலே வரப் பயமா இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"வேன் சும்மா வருது. அதுலயும் போயி கொற சொல்ல முடியுமா?"

மீதி நேரமும் தலைவர் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் குறுக்கே புகாமல் விட்டேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

"இன்னொரு தடவ ஓட்டலாமா?" என்று கேட்டேன். எல்லாரும் பழையபடி வந்து உட்கார்ந்தார்கள்.

"காதர் பாய், எடம் வந்துருச்சு."

பாய் எழவில்லை. "நான் எறங்கல. மொதல்ல சரோஜா தங்கச்சிய எறக்கிட்டு வருவோம்."

"உங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூடும் பாய்."

"கூடட்டும் லா. கடைய மவன் பாத்துக்குவான். நான் தூங்கிட்டு வாரேன்."

ராஜு அடுத்த பெயரைச் சொன்னார். அவரும் எழவில்லை. அதற்கடுத்தவரும் எழவில்லை. ராஜு கொஞ்சம் யோசித்தார். "சுத்தாம பெரிய ரோட்டுலயே போனா அர மணி நேரம்தான். மத்தவங்கள திரும்பி வரும்போது எறக்கிடலாம். சரோஜாக்கா, உங்க எடம் வந்துருச்சு."

அக்கா எழவில்லை. எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"மொதல்ல எறங்கிப் பழக்கமில்ல தம்பி," என்றார்.

அவர் அழுதார். நானும் அழுதேன். பட்டறை நடத்துபவர் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான்.

மதியத்துக்குள் புதிய பாதையை அவர்களே வரைந்துவிட்டார்கள். அன்றன்று யாருக்கு அதிகம் முடியவில்லையோ அவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்ற விதியைக் காதர் பாய் சேர்த்தார். அந்தக் கடிதம் தலைவரின் ஃபைலை விட்டு வெளியே வரவே இல்லை. சரோஜா அக்கா இன்றும் மையத்துக்கு வருகிறார்.

அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலும் நான் பெயர் கூப்பிட்டது கிடையாது. இந்தக் கூட்டத்தில் சரோஜா அக்கா மாதிரி கடைசியாக வீட்டுக்குப் போகிறவர் யார் என்று முதலில் விசாரித்துக்கொள்கிறேன். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்கிறேன்.