பெண் வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்

தொண்ணூறுகளில் அடையாறுக்குத் தெற்கே மனை போட்டு விற்றவர்கள் ஆளுக்கொரு நகரை உண்டாக்கினார்கள். எல்லா நகரிலும் முதல் தெரு, இரண்டாவது தெரு என்று வரிசையாக இருக்கும். ஒரு நகரிலிருந்து பக்கத்து நகருக்குப் போகத்தான் வழி இருக்காது.

இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியிலிருந்து அம்மாவும் நானும் ஆட்டோவில் பெண் பார்க்கக் கிளம்பினோம். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அவர்கள் வாசற்படியை மிதிக்காவிட்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். என் முன்தலை முடி தினமும் கொஞ்சம் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம். இதை விட்டால் அடுத்த வரனுக்கு வழுக்கையோடுதான் போகவேண்டும்.

விலாசத்தில் இருந்த நாலாவது தெரு கிடைத்தது. ஆனால் அதன் கடைசியில் வீட்டுக்குப் பதில் ஆளுயரச் சுவர்.

"இன்னா சார், ரோடு முடிஞ்சி பூச்சு," என்றார் ஆட்டோக்காரர்.

சுவருக்கு அந்தப் பக்கத்து மாடியிலிருந்து ஒருவர் கையாட்டினார். பெண்ணின் அப்பா. "நீங்க நிக்கறது பக்கத்து நகரோட நாலாவது தெரு. மெயின் ரோடுக்குத் திரும்பிப் போய், ஏரிக்கரை வழியா சுத்தி வரணும்."

கேசரி வாசனை மட்டும் சுற்றாமல் நேரே வந்தது.

"சுத்திக்கினு போனா அஞ்சு ஆயிடும்மா," என்றார் ஆட்டோக்காரர். என் முகத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து சட்டைக் காலரில் இறங்கியது.

அம்மா மாடியை அண்ணாந்து பார்த்தாள். "உங்காத்துல ஏணி இருக்கா?"

வெள்ளையடிக்க வைத்திருந்த ஏணி சுவர் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. அம்மா பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு ஏறி, அந்தப் பக்கம் அடுக்கியிருந்த செங்கல்மீது கால்வைத்து, ஏதோ கோயில் படி இறங்குவதுபோல இறங்கிவிட்டாள். பின்னால் ஏறிய நான் சுவர்மேல் இரண்டு பக்கமும் கால் தொங்க உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உயரம் ஆகாது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. கீழே பெண் வீட்டார் மொத்தமும் நின்று மாப்பிள்ளை பார்த்தார்கள்.

"குதி நைனா, ஒண்ணும் ஆவாது," என்று பின்னாலிருந்து ஆட்டோக்காரர்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரருகே வந்தாள். "கீழ பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ. அதுக்குத்தானே வந்தேள்?"

பார்த்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வாசற்படியை மிதிக்கையில் ராகு காலத்துக்குக் கொஞ்சம் பாக்கியிருந்தது.

கேசரி முடிந்தது. எனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சுவர்மேலேயே தெரிந்துவிட்டதாம். பெண்ணைத்தான் கேட்டார்கள். அவள் யோசித்தாள். கூடத்தில் எல்லோரும் அவள் முகத்தையே பார்க்க, சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "இன்னா நைனா, ஓகேவா?"

அவள் சிரித்துவிட்டாள். அப்பாவிடம் திரும்பி, "கல்யாண மண்டபம் மட்டும் மெயின் ரோட்டுமேல இருக்கறதா பாருங்கோப்பா," என்றாள்.