காலையில் மட்டும் சாகும் வண்டி

போன சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் குத்தவைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். தலையில் மங்கி குல்லா, மேலே போர்வை, வாயில் கொட்டாவி... அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துத் தோப்பு நாய்கூடக் குரைக்கவில்லை. பாவம் என்று விட்டிருக்கும்.

ஆமாம், இந்த வாரம் கார்புரேட்டர்தான். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் — வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

வண்டி என் மாப்பிள்ளையுடையது. அதாவது, தங்கை ரோஸியின் கணவர் அமல்ராஜ். சித்தையன்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரம் தென்னந்தோப்பு. தோப்புக்குள் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் திறந்த ஒரு கீற்றுக் கொட்டகை. அதில்தான் வண்டி நிற்கும். உதைத்து ஸ்டார்ட் செய்கிற அந்தக் காலத்து நூறு சிசி. மூட்டை தேங்காயைக் கட்டினாலும் முனகாமல் போகும்.

அமலுக்குத் தோப்பின் மேல் அவ்வளவு பெருமை. தன் தேங்காயைத் தானே உலர்த்தி, செக்கில் ஆட்டி, எண்ணெயைக் கேனில் வைத்திருப்பார். தலைக்கு அதுதான், தாளிப்புக்கும் அதுதான். தீப்புண்ணுக்கு, மாட்டுக் கொம்புக்கு, கிறீச்சிடும் கதவுக்கு... நான் போய் இறங்கினாலே "மச்சான், கால்ல வெடிப்பு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு கேனோடு வருவார்.

ரோஸிக்கு ஐப்பசியில் ஒரு வேலை கிடைத்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் டோக்கன் கவுண்டர். பிள்ளைகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, நாற்பத்து மூன்று வயதில், அவள் பார்க்கும் முதல் வேலை. கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஏழு மணிக்குக் கவுண்டர் திறக்க வேண்டும். ஆறு மணிக்கு சித்தையன்கோட்டையில் பஸ். அதைவிட்டால் அடுத்தது ஏழரைக்கு. தோப்பிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு அமல்தான் வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். கார்த்திகை முடிகிற வரை ஒரு சிக்கலும் இல்லை.

மார்கழி பிறந்தது. வண்டி படுத்தது.

எப்படிப் படுத்தது என்பதுதான் விசேஷம். காலையில் உதைத்தால் புடுபுடுவென்று உயிர் வரும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கரும்புகையைக் கக்கிவிட்டுச் செத்துப்போகும். ரோஸி பஸ்ஸை விட்டுவிட்டு, ஏழரை பஸ்ஸில் போய்த் திட்டு வாங்குவாள். பத்து பதினோரு மணிக்கு அமல் அதே வண்டியை உதைப்பார் — ஒரே உதை! சிங்கம் மாதிரி திண்டுக்கல் வரை வரும்.

இங்கே திண்டுக்கல்லில், என் வீட்டுப் பக்கம் நாகல் நகரில் சேது என்று ஒரு மெக்கானிக். என் வண்டிக்கும் அவர்தான். அமல் சொன்னதைக் கேட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி.

"பெட்ரோலு அதிகமா எறங்குது. அதான் பொகையுது" என்று கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினார். ஏர் ஃபில்டரையும் திறந்து, உள்ளே காற்றை வடிகட்டுகிற ஃபோமை அமுக்கிப் பார்த்தார். மெத்தென்று, எண்ணெய்ப் பசையோடு, இருக்க வேண்டியபடி இருந்தது. மூடிவிட்டார். இவ்வளவும் நடந்தது நல்ல வெயிலில்.

மறுநாள் காலை? செத்தது. மறுபடி சேது, மறுபடி ஸ்க்ரூ. இப்போது பகலில் ஓடும்போது வண்டி பட் பட்டென்று வெடிக்கவும் ஆரம்பித்தது. நன்றாக இருந்த நேரத்தையும் கெடுத்தாயிற்று.

இதற்கிடையில் மருத்துவமனை மேனேஜரம்மா ரோஸியைக் கூப்பிட்டு, "இன்னொரு நாள் லேட்டா வந்தீங்கன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதிலும் தப்பில்லை. டோக்கனுக்கு நிற்கிறவர்கள் நோயாளிகள்.

செய்தி பரவியதும் ஆளாளுக்கு யோசனை. யாருக்கு? வண்டிக்கில்லை, ரோஸிக்கு! அவள் மாமியார், "நாலு மணிக்கே எந்திரிச்சு நடந்துற வேண்டியதுதான" என்றார். அமல், "பத்து மணி ஷிப்டு கேட்டுப் பாரேன்" என்றார். கோயிலில் ஒரு அக்கா, "இந்த வயசுல எதுக்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டார். நானும் என் பங்குக்கு, "வேலை நாள்ல எங்க வீட்ல தங்கிக்கம்மா" என்றேன்.

போன வியாழக்கிழமை மதியம் ரோஸி போன் செய்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். அம்மாட்ட சொல்லிராத."

"சொல்லுமா."

"அவரு வேணும்னே செய்றாருண்ணே."

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"டீக்கடைக்குப் போறப்ப ஸ்டார்ட் ஆகுது. ஒட்டன்சத்திரத்துக்கு ஓடுது. எனக்குன்னு எடுத்தா மட்டும் சாகுது. அது எப்பிடி? நான் வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கு, 'வீட்ல என்ன கொறை'ன்னு ஒரு வார்த்தை கேட்டாரு. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. இப்பத் தெரியுது..."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்த மனுஷனைப் பற்றி அப்படி ஒரு வறண்ட குரலில் பேசினாள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். இந்த எண்ணம் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அதை எந்த மெக்கானிக் எடுப்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலமே தோப்புக்குப் போய்விட்டேன். வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் இரண்டு பேரும் என்னிடம் மட்டும் பேசினார்கள்.

"காலையில என்னதான் ஆகுதுன்னு பாப்போமே மாப்ள" என்று அமலிடம் சொன்னேன். உண்மையில் நான் பார்க்கப் போனது வண்டியை இல்லை, அவருடைய கையை. பெட்ரோல் டேப்பை மூடுகிறாரா? காற்றை அடைக்கிற சோக்கை இழுத்து வைக்கிறாரா? தங்கை வீட்டில் போலீஸ் வேலை.

சனிக்கிழமை காலை நல்ல பனி. அமல் உதைத்தார், உதைத்தார்... அந்தக் குளிரிலும் பனியன் நனைந்துவிட்டது. டேப் திறந்திருந்தது. சோக் உள்ளே இருந்தது. கை எங்கேயும் திருட்டுத்தனம் பண்ணவில்லை. உயிர் வந்தது, கரும்புகை, சாவு.

"என்னான்னே தெரியல மச்சான். அவ மூஞ்சியப் பாக்க முடியல" என்றார் மெதுவாக.

சைடு மூடியைக் கழற்றி, ஏர் ஃபில்டர் ஃபோமை வெளியே உருவினார். நான் டார்ச்சைத் திருப்பினேன். வெள்ளையாக, விறைப்பாக, ஒரு பலகைத் துண்டு வந்தது.

"என்ன மச்சான் இது... பூஞ்சை புடிச்சிருச்சா?"

அந்த நேரம் ரோஸி வெளியே வந்தாள். தலை இன்னும் வாரவில்லை. கையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி. மார்கழியில் நம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் — எண்ணெய் உறைந்து, கவிழ்த்தாலும் விழவில்லை. அடுப்புப் பக்கம் வைத்து இளக்க நேரமில்லாமல், உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "பஸ்ஸு போயிரும்" என்றாள்.

சொன்னவள் நின்றுவிட்டாள். ஃபோமைப் பார்த்தாள். குப்பியைப் பார்த்தாள். கிட்டே வந்து, அந்த வெள்ளையைக் கட்டைவிரலால் வழித்து மோந்தாள்.

"இது நம்ம எண்ணெய்தான?"

அமல் தலையைச் சொறிந்தார்.

"கார்த்திகையில ஃபில்டரக் கழுவுனேன். கழுவிட்டு ஆயில்ல முக்கிப் பிழிஞ்சு போடணும்ல, அப்பத்தான் தூசிய உள்ள விடாதுன்னு சேதுண்ணன் சொல்லிருக்காரு. இஞ்சின் ஆயிலு கருப்பாக் கெடந்துச்சு. அதவிட நம்ம செக்கெண்ணெய் சுத்தமா இருக்கேன்னு..."

அவ்வளவுதான் விஷயம். இரவுப் பனியில் எண்ணெய் உறைந்து, ஃபோமின் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்கிறது. வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. காற்று குறைந்தால் பெட்ரோல்தானே மிஞ்சும்? அதுதான் கரும்புகை. வெயில் ஏறியதும் எண்ணெய் இளகி, வழி திறந்து, வண்டி சிங்கமாகிவிடுகிறது. இது தெரியாமல் ஒரு பாவமும் அறியாத கார்புரேட்டரை மாற்றி மாற்றித் திருகியிருக்கிறோம்!

ரோஸி சிரிக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர, கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட மனுஷா... எண்ணெயா ஊத்தி வச்சிருக்கீங்க!" அமல் தன் முட்டாள்தனத்துக்குத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து அசடு வழிந்தார். அவள் எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ஃபோம் இல்லாமலே மூடியைப் போட்டு உதைத்தார். ஒரே உதை. ரோஸி தலையை வாரிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். "அண்ணே, நான் போன்ல சொன்னத மறந்துரு" என்று என் காதோரம் சொன்னாள். பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஏழு மணிக்குக் கவுண்டர் திறந்தது.

நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால், எங்கே ஸ்க்ரூ இருக்கிறதோ அங்கே கை போகும். திருக வசதியாக இருப்பதுதான் குற்றவாளி. வண்டியில் மட்டுமா? வீட்டில், ஆபீஸில்... திருகினால் திரும்புகிற ஆள் ஒருவர் எங்கேயும் இருப்பார்.

அன்று மதியம் நானும் அமலும் வண்டியோடு சேதுவின் கடைக்குப் போனோம்; ஷிப்டு முடிந்து ரோஸியும் அங்கே வந்துவிட்டாள். புது ஃபோம் வாங்கி, இஞ்சின் ஆயிலில் முக்கிப் பிழிந்து போட்டாயிற்று. சேது சிரித்து முடித்துவிட்டு, ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். வண்டி சீராகத் துடித்தது.

"கார்புரேட்டர் மேல ஒரு தப்பும் இல்ல சார். அது பாட்டுக்கு ஒழுங்காத்தான் இருந்துச்சு. நாமதான் போட்டுத் திருகிட்டோம்" என்றார்.

"என்னையுந்தான்" என்றாள் ரோஸி.

அமல் டீ சொல்லப் போய்விட்டார்.