கடல் அடங்கும் மாதம்

பிற்பகல் மூன்று இருபதுக்கு மகளின் கைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே போனது. அதற்குக் கொஞ்சம் முன்புதான், "குஞ்சப்பனை தாண்டிட்டேனுங்கம்மா, சோறு வெச்சிருங்க" என்று டாக்சியிலிருந்து சொல்லியிருந்தாள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிறவர்கள் குஞ்சப்பனையைத் தாண்டிவிட்டால், அரவேணுவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சில வளைவுகள்தான் பாக்கி. நான் அரிசியைக் களைந்தேன். மூன்றாவது நாளாக மழை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவள் வர வேண்டிய தேதியைக் குறித்துக் கொடுத்தவள் நான்.

மகள் மாலத்தீவில் செவிலியர். சுற்றுலா விளம்பரத்தில் வரும் தீவு இல்லை; ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் 'நூறு வயசு' என்பார்கள், அவ்வளவுதான் அகலம். அங்கிருந்து தலைநகருக்கு வர நாலாபுறமும் கடலாக இருக்கும் வழியில் 'ஸ்பீடு போட்டு' என்கிற விரைவுப் படகில் வர வேண்டும். அவள் அந்தப் படகில் முதன்முதலாக ஏறிய நாளிலிருந்து நான் இந்தியப் பெருங்கடலின் வானிலை நிலையமாக மாறினேன். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

"இன்னிக்கு அலை எப்படி இருக்குது கண்ணு?"

"நல்லா இருக்குதுங்கம்மா. உங்களத்தான் கேட்டுச்சு."

கிண்டல் செய்யட்டும். அந்தத் தீவுகளின் பருவங்கள் என் சமையலறை டப்பாக்களைவிட எனக்கு அத்துப்படி. மே மாதம் தென்மேற்குக் காற்று வந்துவிட்டால் மழையும் கொந்தளிப்பும்தான். தெற்கத்தித் தீவுகளில் மழை கூடுதல், வடக்கே குறைவு. கறுத்துக்கொண்டு வரும், அரைமணி நேரம் கொட்டும், ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் அடிக்கும். டிசம்பரில் காற்று திரும்பும். வடகிழக்கிலிருந்து வரும் அந்தப் பருவத்துக்கு அங்கே இருவை என்று பெயர். வானம் வெளுக்கும், கடல் அடங்கும், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். தொட்டி காலியாவதைக் கேட்டு மகிழ்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூனில் விடுப்பு கிடைக்கிறது, வரட்டுமா என்று அவள் கேட்டாள்.

"ஜூன்லயா? அந்தக் கடல்லயா? டிசம்பர்ல வா சாமி. காத்து திரும்பிரும், போட்டு ஆடாம வரலாம்."

"டிசம்பர்ல நம்மூர்ல மழையில்லீங்களா?"

"நம்மூரு மழைக்கு என்ன? கொடை இருக்குது."

நான் பள்ளியில் புவியியல் ஆசிரியை. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். தீவுகளுக்கு வெயில் கொண்டுபோகும் அதே காற்று, வழியில் வங்கக் கடலில் வயிறு முட்ட ஈரத்தைக் குடித்து, எங்கள் கோத்தகிரி, குன்னூர் சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு நிதானமாக அந்தப் பக்கம் போகிறது. ஜூனில் நனைவது கூடலூர்ப் பக்கம். எங்கள் கிழக்குச் சரிவில் அப்போது சாரலோடு சரி. வருடா வருடம் இந்த அம்புக்குறிகளைக் கரும்பலகையில் போட்டது இந்தக் கைதான். ஐந்து மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் சரியாகவே எழுதினார்கள்.

நான்கு மணிக்கு மின்சாரம் போனது. என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தார்.

"டவர் போயிருக்கும் புள்ள. நம்ம ஊட்டுக்கே கரண்டு இல்ல, டவருக்கு எங்கிருந்து வரும்?"

"அப்ப டாக்சிக்காரர் போனும் எடுக்கலையேங்க?"

"அவருக்கும் அதே டவர்தானே?"

என்னை மணந்த நாள் முதல் இந்த மனிதர் ஒரு தடவைகூடப் பதறியதில்லை. வீட்டின் மொத்தப் பதற்றத்தையும் என்னிடமே விட்டுவிட்டார்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்தார். ஊரில் எது நடந்தாலும், சில சமயம் நடக்காவிட்டாலும், முதலில் சொல்கிறவர் அவர்.

"ஏனுங்க டீச்சர், பாத்தீங்களா? நம்ம ரோட்டுல மண்ணு எறங்கிருச்சுங்க. காரு ஒண்ணு மாட்டியிருக்குதாம். வெள்ளக் காருங்க."

கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். செம்மண்ணுக்கு வெளியே ஒரு காரின் பின்பாதி. இந்த மலையில் ஓடுகிற டாக்சிகள் பெரும்பாலும் வெள்ளைதான். அது வேறு மாநிலத்து மலை, வேறு வருடத்து மழை என்பது மறுநாள் தெரிந்தது. "பழைய வீடியோவாமுங்க, அழிச்சிட்டேன்" என்றார், என் நெஞ்சுக்குள்ளிருந்தும் சேர்த்து அழித்துவிட்ட தோரணையில். ஆனால் அன்று மாலை அது என் மகள்தான். ரோட்டில் வெள்ளை டாக்சி நின்றால் இன்றைக்கும் அதன் பின்பக்கத்தை நான் பார்ப்பதில்லை.

வீட்டுக்காரர் ஜீப் பிடித்துக் கீழே போனார். அவர் செருப்பு மாற்றிப் போட்டிருந்ததைக் கண்டதும்தான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். கீழேயிருந்து பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு பைக் கூட ஏறி வரவில்லை. எப்போதும் ஹாரன் சத்தத்தில் காது போகும் சாலை, கழுவிவிட்ட மாதிரி வெறுமையாகக் கிடந்தது. மண் சரிந்தது உண்மை, யார்மேல் சரிந்தது என்பதுதான் தெரியாது என்றார் டீக்கடைக்காரர். ஆறுதல் சொல்கிறாராம். சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் கொடுத்தார். அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். மாலத்தீவுக் கடல் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அமைதியாக இருக்கும். அடிவானம் வரைக்கும் அமைதியாக இருக்கும்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் காய்கறி மூட்டை ஏற்றும் பிக்கப் ஒன்று முக்கிக்கொண்டு ஏறி வந்து நின்றது. பின்னால், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். டாக்சியைச் சரிவுக்குக் கீழேயே விட்டுவிட்டு, சாலைப் பணியாளர்களின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடந்து வந்தவர்கள். முதலில் என் வீட்டுக்காரர் குதித்தார். அவர் கைகொடுத்து இறக்கியது முழங்கால் வரை செம்மண் அப்பிய ஒரு பெண்ணை. டீ டம்ளர் என் கையிலிருந்து விழுந்தது.

நான் கட்டிக்கொண்டு அழுது முடிக்கும் வரை அவள் பொறுமையாக நின்றாள். பிறகு என் முந்தானையாலேயே தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"போட்டுல நல்லாத் தூங்கிட்டு வந்தேனுங்கம்மா. திரும்பிப் போற தேதிய மட்டும் நானே பாத்துக்கறேன்."