‘போதுமானது’ என்று குறித்த வீடு

ஆர்டிஸ் நைகார்ட் சோல்பெர்க் நகராட்சியில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தாள். அத்தனை வருடத்திலும் மினிட் புத்தகத்தில் அவள் பெயர் இரண்டு விதமாகத்தான் வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் வரிசையில் கடைசியாக ஒரு தடவை. பக்கத்தின் அடியில் கையெழுத்தாக ஒரு தடவை. மூன்றாவது விதமாக ஒரே ஒரு முறை வந்தது. அது மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை.

சோல்பெர்க், மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் சோளத்துக்கும் பீட் கிழங்குக்கும் நடுவே கிடக்கிற இரண்டாயிரம் பேர் ஊர். மெயின் தெருவில் பாதிக் கடைகளின் கண்ணாடிக்குள்ளே பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. மிச்சமிருந்தவை ஒரு வங்கி, மேயர் டெல்பர்ட்டின் இரும்புக்கடை, லவோனின் காபிக்கடை, நகராட்சியே நடத்துகிற மதுக்கடை. மதுக்கடை லாபத்தில்தான் தீயணைப்பு வண்டி வாங்கியிருந்தார்கள். ஒரு சொட்டும் தொடாத பாதிரியார் வீட்டுக் கொட்டகை எரிந்தபோது அந்த வண்டிதான் போய் அணைத்தது. அதை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருடம் மெயின் தெருவைத் தோண்டினார்கள். புது நடைபாதை, புது விளக்குகள், கடைகளுக்குப் புது முகப்பு. மண் திறந்திருக்கும்போதே இணையத்துக்கான ஃபைபர் குழாயையும் பதித்து, அங்கிருந்து வீட்டுக்கு வீடு இழுத்துவிடலாம் என்பது திட்டம். மின்சாரத்தை நகராட்சியே கொடுப்பதுபோல் இணையத்தையும் அதுவே கொடுக்கும். செலவில் பாதிக்கு ஊர் கடன்பத்திரம் போட்டது. மறுபாதி மாநில மானியம். ஒழுங்கான இணைப்பு இல்லாத ஊருக்குத்தான் மானியம் உண்டு. இல்லை என்று ஊரே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முந்தைய அக்டோபரில் தண்ணீர் பில்லோடு ஒரு படிவத்தையும் வைத்து ஆர்டிஸ் வீடுவீடாக அனுப்பியிருந்தாள். ‘உங்கள் வீட்டு இணைய இணைப்பு போதுமானதா, போதாததா?’ இரண்டு கட்டங்கள், கருத்து எழுத ஒரு கோடு, கையெழுத்து. தொள்ளாயிரத்து நாற்பது வீடுகளில் எண்ணூற்றுப் பதினொன்று திருப்பி அனுப்பின. ஆர்டிஸுக்குப் பெருமையாக இருந்தது. சோல்பெர்க்காரர்கள் கையில் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் நிரப்பித் திருப்பித் தருவார்கள். பிறகு பிரித்து எண்ணினாள். அறுநூற்று நாற்பது பேர் ‘போதுமானது’ என்று குறித்திருந்தார்கள்.

ஏப்ரலில் மாநிலத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஊருக்கு மானியம் தேவைப்படவில்லை என்று அறிந்து மகிழ்கிறோம்.

டெல்பர்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே லவோன் கடைக்குப் போனார். ஆர்டிஸும் கூடப் போனாள்.

“ஏன் லவோன், மழை வந்தா நீ கார்டு மிஷினைத் தூக்கிட்டு நடுத்தெருவுல போய் நிக்கிற. அப்புறம் எந்த ஊர்ல அது போதுமானது?”

“நடுத்தெருவுல கிடைக்குதுல்ல?” என்றாள் லவோன்.

முக்கில் உட்கார்ந்திருந்த மெர்ல் சிரித்தார். பீட் கிழங்கு விவசாயி. ஆர்டிஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

“நீ என்ன சிரிக்கிற? விதைக்கு ஆர்டர் போட லைப்ரரி வாசல்ல காருக்குள்ள உக்காந்திருக்கிறவன்தானே நீ. ஜனவரியில!”

“கார்ல ஹீட்டர் இருக்கு டெல்பர்ட்.”

“ஜூன் மூணாம் தேதி நடைபாதைக்கு சிமென்ட் ஊத்தப்போறான். ஊத்திட்டா முப்பது வருஷத்துக்கு எவனும் தோண்ட மாட்டான். அப்ப நாம யாரும் இருக்க மாட்டோம்.”

“லவோன் இருப்பா,” என்றார் மெர்ல். “அவ காபியை அவ குடிக்கிறதில்லையே.”

ஒரு வழி மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களே பழைய படிவத்தை ரத்து செய்து புதிதாக எழுதிக் கொடுக்கலாம். ஜூன் ஒன்றாம் தேதிக்குள் நானூறு படிவம் வேண்டும்.

ஆர்டிஸ் வீடுவீடாகப் போனாள். மூன்று வாரம். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். தட்டில் கேக் துண்டுகள் வைத்தார்கள். பீட் விலை, மழை, யாருக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறது என்பதையெல்லாம் பேசினார்கள். படிவத்தை எடுத்ததும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

“மெதுவாத்தான் வருது,” என்றாள் எல்ம் தெருக்கோடியில் ஒருத்தி. “ஆனா புகார்னு எழுதணுமா? லைன் ரிப்பேருக்கு வர்ற பையன் நம்ம சர்ச்சுதான். அவன் மனசு கஷ்டப்படும்.”

“அவனைப் பத்தி இல்ல இது.”

“அவன் அப்படி எடுத்துக்குவானே.”

மூன்று வாரத்தில் முப்பத்தொரு படிவம் தேறியது. அவர்கள்மேல் ஆர்டிஸுக்குக் கோபம் வரவில்லை. தன் படிவத்தில் கேள்வியைக் கேட்ட விதமே தப்பு என்று தோன்றியது. இந்த ஊரில் ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப்போட்டால்கூட, வீட்டுக் கூரை தப்பியதே என்பார்கள். அவளும் அப்படி வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும் போதுமா என்று கேட்டுவிட்டாள். எத்தனை நாள் வருகிறது, எத்தனை நாள் வருவதில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

ரத்து செய்ய வருகிறவர்களுக்குச் சட்டென்று எடுத்துக் கொடுக்க வசதியாக, அறுநூற்று நாற்பது தாள்களையும் தெருவாரியாக அடுக்கினாள். நான்காம் நாள் எல்ம் தெரு வந்தது. நானூற்றுப் பத்து, மெர்ல். அடுத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அது அவள் வீடு. அவள் புருஷன் ஹார்லனின் எழுத்து. ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியே எழுதுவான். ‘போதுமானது’ கட்டத்தில் குறி. கருத்துக் கோட்டில்: குறை ஒன்றும் இல்லை. நன்றி. அக்டோபர் இருபத்தாறு.

படிவத்தைச் சமையலறை மேசையில் அவன் முன்னால் வைத்தது அவள்தான். பிறகு அதை அவள் பார்க்கவில்லை; எண்ணும்போது கட்டங்களை மட்டும்தான் பார்த்தாள். ஐந்து நாள் கழித்து ஹார்லன் செத்துப்போனான்.

அவன் நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அது எடுக்கிற அளவுகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி ஒன்று இணையம் வழியாகத் தொண்ணூறு மைலுக்கு அப்பால் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு. சேராவிட்டால் சிவப்பு. அந்த அக்டோபரில் சிவப்பே எரிந்தது. ஹார்லன் பெட்டியை ஜன்னலுக்கு மாற்றினான், பிறகு கூடத்துக்கு, கடைசியில் ஃபிரிட்ஜ் மேலே.

“ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணவா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“அவங்களுக்கு ஆயிரம் வேலை. வரும், போகும். விடு ஆர்டிஸ்.”

விட்டுவிட்டாள்.

எல்லாம் முடிந்தபிறகு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். இரக்கமாகத்தான் பேசினாள். “பதினோரு நாளா எங்களுக்கு எதுவும் வந்து சேரலைங்க. நீங்க கூப்பிட்டிருக்கலாமே.”

இதை ஆர்டிஸ் யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்தன்று பதினேழு வீட்டிலிருந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் வந்தது, பாத்திரத்தின் அடியில் அவரவர் பெயர் ஒட்டி. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம், தூக்கத்திலேயே போய்விட்டான், கஷ்டப்படவில்லை என்றாள். பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாநில அலுவலகத்துக்கு போன் செய்தாள். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

“புருஷன் போட்ட கையெழுத்தை மனைவி ரத்து செய்யலாமா?”

“போட்டவங்கதான் வரணும் மேடம்.”

“அவனால வர முடியாது.”

“பரவாயில்ல, தபால்ல அனுப்பச் சொல்லுங்க.”

“தபால்லயும் முடியாது.”

“ஓ,” என்றாள் அந்தப் பெண். “மன்னிச்சுக்கோங்க. அப்படின்னா முதல்ல குடுத்ததுதான் நிக்கும்.”

படிவங்களைப் பூட்டி வைக்கிற பெட்டியின் சாவி ஆர்டிஸிடம்தான் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அறுநூற்று நாற்பதில் ஒரு தாள். எடுத்துக் கைப்பைக்குள் போட்டால் எந்தக் காலத்திலும் யாரும் கேட்கப் போவதில்லை. தாளைத் தடவிப் பார்த்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் பின்பக்கம் எழுத்து புடைத்திருந்தது. நானூற்றுப் பத்துக்கும் நானூற்றுப் பதினான்குக்கும் நடுவே அதைச் செருகினாள்.

கடைசிச் செவ்வாய்க்கிழமை பொதுக்கூட்டம். மாலை ஏழு மணி. வெளியே இன்னும் நல்ல வெயில். அறுபது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்பர்ட் நிலைமையைச் சொன்னார். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் எழவில்லை. மறுபடி கேட்டார். யாரோ இருமினார்கள்.

ஆர்டிஸ் பேனாவை மூடி வைத்தாள். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற கடிகாரம் ஒன்றை அதற்கு வைத்திருந்தார்கள். அதைத் திருகிவிடுவது எழுத்தர் வேலை. திருகி வைத்துவிட்டு மேசையைச் சுற்றிவந்து மக்கள் பேசுகிற இடத்தில் நின்றாள்.

“ஆர்டிஸ் நைகார்ட். நானூற்றுப் பன்னிரண்டு, எல்ம் தெரு.”

“தெரியும் ஆர்டிஸ்,” என்றார் டெல்பர்ட்.

“மினிட்ஸ்ல வரணும்.”

பிறகு சொன்னாள். பெட்டி, சிவப்பு விளக்கு, ஜன்னல், கூடம், ஃபிரிட்ஜ். பதினோரு நாள். “அந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா ஹார்லன் பிழைச்சிருப்பான்னு நான் சொல்லல. எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வழியில்லாமப் போச்சு. அதுல அஞ்சாறு நாள் தாண்டின பிறகுதான் ‘குறை ஒண்ணும் இல்ல, நன்றி’ன்னு எழுதி உங்களுக்குக் குடுத்திருக்கான். நானும் யாருக்கும் போன் பண்ணல. தொந்தரவு குடுக்க வேண்டாம்னு. அவன் எழுதினது இப்பவும் ஆபீஸ்ல படிவப் பெட்டிக்குள்ள இருக்கு. அதை மாத்த முடியாதாம். உங்களோடதை மாத்தலாம்.”

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்து, தான் சொன்னதை எழுத ஆரம்பித்தாள். அவள் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாதியில் கடிகாரம் மணியடித்தது.

யாரும் கைதட்டவில்லை. மெர்ல் எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“எங்க வீட்லயும்…” என்று நிறுத்தினார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. “அவ்வளவு நல்லா இல்ல.”

அந்த மன்றத்தில் மெர்ல் வாய் திறந்தது அதுவே முதல் தடவை. ஆர்டிஸ் அதையும் அப்படியே எழுதினாள்.

“எனக்கு ஒரு படிவம் குடு,” என்றாள் லவோன். “பேனா வேண்டாம், இருக்கு.”

வரிசையில் நின்றார்கள். ஹார்லனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய தாளை வாங்கி ரத்து என்று எழுதி, புதுத் தாளில் குறித்து, கையெழுத்துப் போட்டு நகர்ந்தார்கள். எல்ம் தெருக்கோடிக்காரி மட்டும் போகிறபோது ஆர்டிஸின் மணிக்கட்டை ஒரு நொடி பிடித்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து, கூட்டத்துக்கு வராதவர்களும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மே முப்பத்தொன்று மாலை எண்ணியபோது நானூற்றுப் பத்தொன்பது இருந்தது.

மானியம் வந்தது. சிமென்ட் ஊற்றுகிறவனை மூன்று வாரம் நிறுத்தி வைத்துக் குழாயைப் பதித்தார்கள்.

செப்டம்பரில் இணைப்பு போகிற வீடுகளின் புல்வெளியில் ஆரஞ்சுக் கொடி நட்டுக்கொண்டு போனார்கள். மெர்ல் வீட்டில் கொடி. நானூற்றுப் பதினான்கில் கொடி. நடுவே ஆர்டிஸின் புல்வெளி வெறுமனே இருந்தது. மானியப் பட்டியலில் அது ஏற்கெனவே போதுமான இணைப்புள்ள வீடு.

டெல்பர்ட் அலுவலகத்துக்கு வந்து கதவருகே நின்றார்.

“உனக்கும் நகராட்சி காசுல போட்டுரலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

“வேண்டாம் டெல்பர்ட். எனக்கு என்ன, ஒரே ஆள். வேணும்னா இங்க ஆபீஸ்ல பாத்துக்கறேன். இப்ப இருக்கறதே…”

டெல்பர்ட் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸ் பாதியில் நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே புது நடைபாதையில் லவோன் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வேணும்,” என்றாள். “என் வீட்டுக்கும் வேணும். பில்லை எனக்கு அனுப்பு.”

அவர் போனபிறகு இழுப்பறையில் மிச்சமிருந்த வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்தாள். கெடு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ‘போதாதது’ கட்டத்தில் குறித்தாள். கருத்துக் கோட்டில், பதினோரு நாள் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியை இட்டாள். படிவப் பெட்டியைத் திறந்து, எல்ம் தெருவைத் தேடி, ஹார்லனின் தாளுக்குப் பின்னால் அதை வைத்துப் பூட்டினாள்.